மேபலின் காலுறை

கெசியாவின் சாக்ஸுக்குள் கையை விட்டபோது பியூலாவுக்கு முதலில் தோன்றியது, இது இவ்வளவு ஆழமா என்பதுதான். முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. கடையில் விற்கிற சாக்ஸாக இருந்தால் நாலு சாக்லெட்டில் நிறைந்துவிடும். இது கெசியாவைப் பெற்ற மேபல், கோத்தகிரிக் குளிரில் வளர்ந்தவள், கம்பளி நூலில் பின்னியது, சிவப்பில் வெள்ளை வரி, விளிம்பில் 'கெ' என்று ஓர் எழுத்து, பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. பாளையங்கோட்டையில், டிசம்பரிலும் ஃபேன் ஓடுகிற ஹாலில், ஜன்னல் கம்பியில் இப்படிக் கம்பளி தொங்குவதைப் பார்த்தாலே கழுத்து அரிக்கிறது. காலையில் கெசியா தானே ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள், பரிசு போட்டு வைக்கிற மூன்று சாக்ஸையும் எடுத்துத் துணி கிளிப்பில் மாட்டினாள், தள்ளி நின்று பார்த்தாள், நடுவில் இருந்ததைக் கொஞ்சம் நகர்த்தினாள், அப்புறம் தகப்பனோடு ஸ்கூட்டரில் ஏறிக் கோயிலுக்குக் கிறிஸ்மஸ் பாட்டுப் பிராக்டிஸுக்குப் போய்விட்டாள். ஜெயசிங் மின்வாரியத்தில் இருப்பதால் கோயில் சீரியல் பல்பெல்லாம் அவர் தலையில்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "பியூலா, அதுல எதையாவது போட்டுருதியா? மேபல்தான் எல்லாம் பாத்துக்கிடுவா. எனக்கு ஒண்ணும் தெரியாது." என்ன போடணும் என்று கேட்டதற்கு, "சின்னச் சின்னதா, ஏதாவது" என்றார். ஏதாவது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஜூன் மாதத்திலிருந்து அவள் அதிகம் கேட்ட சொல் அதுதான். சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும், ஏதாவது. கெசியாவுக்கு என்ன பிடிக்கும், ஏதாவது சாப்பிடுவா. ஏதாவது என்பது அவருக்கு ஒரு பதில், அவளுக்கு ஒரு காடு. அவள் பிறந்த வீட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. சாயர்புரத்தில் அப்பா கோயில் உபதேசியார், ஒரே பீஸில் துணி எடுத்து ஐந்து பிள்ளைகளுக்கும் சட்டை பாவாடை தைத்துவிடுவார், கோயிலில் ஐந்து பேரும் ஒரே பூ போட்டு வரிசையாக நின்றால் ஊரே சிரிக்கும், முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் டின்னில் இருக்கும், எதையும் ஒளித்துவைத்துக் கொடுக்கிற பழக்கம் இல்லை. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கட்டி யாராவது வாசலில் ஆடினால் அப்பா உள்ளே போய்விடுவார், ஆண்டவர் பிறந்தநாளில் இந்தத் தாடிக்காரனுக்கு என்ன வேலை என்பார். அவள் சாக்ஸ் என்று ஒன்றைக் காலில் போட்டதே லேப் டெக்னீஷியன் படிக்கப் போனபோதுதான், அதுவும் ஷூ கடிக்காமல் இருக்க.

அதனால்தான் அவர்கள் தெருமுனை திரும்பியதும் கோத்தகிரிக்கு ஃபோன் போட்டாள். மேபலின் அக்கா ஹெப்சியிடம் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறைதான் பேசியிருக்கிறாள், இரண்டு முறையும் மழை பெய்கிறதா, அங்கே குளிரா என்பதோடு முடிந்தது. ஆனால் சாக்ஸ் என்றதும் ஹெப்சி அக்கா கலகலவென்று பேச ஆரம்பித்தாள். அவர்கள் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தபோது பிடித்துக்கொண்ட வழக்கமாம், வருஷா வருஷம் தவறியதில்லையாம். "அடியில ஒரு ஆரஞ்சு வையும்மா, கால்விரல் இருக்கிற எடத்துல. அப்பதான் கனம் இருக்கும், நேரா தொங்கும். அதுக்கு மேல கொறிக்க ஏதாவது. அப்புறம் அந்த ஆளுக்கு நெஜமாவே தேவைப்படுற பொருள் ஒண்ணு, ஆனா அவங்க வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாது. சிரிக்கிறதுக்கு ஒண்ணு. கடைசியா, விளிம்புல எட்டிப் பாக்குற மாதிரி ஒண்ணு. அவ்வளவுதான், பெரிய செலவெல்லாம் கிடையாது." கேட்டிருக்கக் கூடாது, ஆனால் தேவைப்பட வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம். ஒருவருக்கு என்ன தேவை என்று தெரிய அவரை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பார்ப்பது அவருக்குத் தெரியவும் கூடாது. கெசியா பள்ளிக்கூட ஷூவுக்குக் கயிறு கட்டும்போது பியூலா பார்த்திருக்கிறாள், இடது ஷூவின் லேஸ் அறுந்து நடுவில் முடிச்சுப் போட்டிருக்கிறது, முடிச்சு ஓட்டைக்குள் போகாது, தினமும் அந்த இடத்தில் பல்லைக் கடிப்பாள், யாரிடமும் சொல்ல மாட்டாள். ஒரு ஜோடி லேஸ். மார்க்கெட்டில் அதை வாங்கியபோது பியூலாவுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் வந்தது, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தாற்போல. கொறிக்க இலந்தவடை. நெல்லிக்காயும் முந்திரியும் ஃபிரிட்ஜில் இருக்கும்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இலந்தவடை வாங்கித் தின்றுவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு வருவது தெரியும், புத்தகப் பையில் அந்தப் புளிப்பு வாசம் வரும். சிரிக்க, சாவி கொடுத்தால் குதிக்கிற தகரத் தவளை. பதின்மூன்று வயசுக்குத் தவளையா என்று கடையிலேயே ஒரு தடவை யோசித்து, நெயில் பாலிஷை எடுத்து, நெயில் பாலிஷ் ஜெயசிங்குக்குப் பிடிக்காது என்று கீழே வைத்து, ஹேர் கிளிப்பை எடுத்து, கெசியா முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு ஏழு மாசமாகிறது என்று ஞாபகம் வந்து அதையும் வைத்து, கடைக்காரர் "அக்கா, பாப்பாவுக்கு எத்தன வயசு?" என்று கேட்டதும் பதில் சொல்லாமல் தவளைக்கே திரும்பி வந்தாள். பாப்பாவுக்கு. உங்க பாப்பாவுக்கு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஜெயசிங்குக்கு வாங்குவதில் சிக்கலே இல்லை, சவர பிரஷ் பல்லுப் போன சீப்பு மாதிரி ஆகிவிட்டது, புதுசு ஒன்று, ஒரு பொட்டலம் வறுத்த முந்திரி, கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. பச்சை நிற சாக்ஸ், 'ஜெ' போட்டது, அது மத்தியானத்துக்கு முன்னாலேயே நிறைந்துவிட்டது. இந்த மனிதனைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது, அதை அவள் உள்ளே விடவில்லை.

எட்டிப் பார்க்கிற பொருள் பாசிமணி. அதில் சந்தேகம் வரவில்லை. கெசியாவின் மேசையில் ரத்தம் எடுக்கிற ட்யூப்கள் ஏழெட்டு நிற்கும், ஊதா மூடி, சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறப் பாசிமணி போட்டு வைத்திருப்பாள். எல்லாம் காலாவதியாகி லேபில் ஒதுக்கிய புதுக் குழாய்கள்தான், பியூலா கொடுத்தவை. பியூலா கொடுத்து அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிய பொருள் இன்றுவரை அது ஒன்றுதான். அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். இரண்டு வருஷம் முன்னால் செப்டம்பரில், டெங்கு வார்டில் மேபல் கிடந்தபோது, காலையும் மாலையும் பிளேட்லெட் பார்க்க ரத்தம் எடுத்தது பியூலாதான். அந்த முகம் இப்போது சரியாக நினைவில் இல்லை. ஃபோட்டோவைப் பார்த்துப் பார்த்து அந்த முகத்தின் மேல் ஃபோட்டோ ஒட்டிக்கொண்டது. நினைவிருப்பது கை. மெலிந்த, வெளுத்த கை, முழங்கை மடிப்பில் நரம்பு சட்டென்று கிடைக்கும், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரி ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். "வலிக்கவே இல்ல சிஸ்டர், உங்க பேரென்ன?" என்று கேட்டாள். சிஸ்டர் இல்லை, லேப் என்று பியூலா சொன்னாள். பேரைச் சொல்லவில்லை, அன்றைக்கு இன்னும் பதினாறு படுக்கை பாக்கி இருந்தது. வராந்தா பெஞ்சில் ஒரு பிள்ளை உட்கார்ந்து டிரேயிலிருந்த மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் மறுநாள் காலாவதியான ட்யூப்கள் ஏழெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவுதான், அதற்குள் ஒரு எண்ணமும் இல்லை. பிற்பாடு ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்ண வருகிற பாஸ்டர் ஐயர் மூலமாகச் சம்பந்தம் பேசி வந்தபோது, முப்பத்தெட்டு வயசில் இதற்கு மேல் யார் வருவார்கள் என்று அம்மா அழுதபோது, மாப்பிள்ளை பெயரைக் கேட்டு அவளுக்கு முதலில் கண்ணில் வந்தது அந்தக் கைதான். அந்தக் கையின் வீட்டுக்கா போகப் போகிறோம். போயாகிவிட்டது. அந்தக் கை வாங்கிய மிக்ஸி, அந்தக் கை மடித்த பரண் சாமான், எந்த எவர்சில்வர் பாத்திரத்தைத் திருப்பினாலும் 'மே' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், சாம்பார் கரண்டியின் காம்பில் கூட. பாத்திரம் கழுவும்போது விரலில் தட்டுப்படும். கோபமில்லை, பொறாமையுமில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. கெசியா அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மான்னு கூப்பிடு என்று ஜெயசிங் ஒரு நாள் சொல்ல, வேண்டாங்க விடுங்க என்று பியூலாவே தடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு சித்தியும் வரவில்லை, பழைய ஆன்ட்டியும் போய்விட்டது. அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, அவள் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு பேசும். அப்படி முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற உணர்வு லேபில் இருக்கும்போதுகூட இப்போதெல்லாம் வருகிறது.

ஆகவே இரண்டு சாக்ஸ் முடிந்தது. ஜன்னலில் நடுவில் தொங்குகிறதே அது. சாம்பல் நீலம், குதிகாலில் கிழிந்து வேறு நூலில் தைத்தது, விளிம்பில் 'மே'. அதைப் பற்றி ஜெயசிங் ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் நின்று அதைப் பார்த்தார், பார்த்தது அவளுக்குத் தெரியும், பார்த்துவிட்டுத்தான் ஏதாவது என்றார். அந்த ஏதாவதில் இதுவும் சேர்த்தியா? ஹெப்சி அக்காவிடம் ஃபோனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டுவிட்டாள். "அக்கா, மூணு மாட்டியிருக்கா. அவங்களோடதும் இருக்கு." அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது. "மேபலோடதையுமா?" என்றாள். குக்கரை அணைத்துவிட்டு வந்து, "அது எனக்குத் தெரியலம்மா," என்றாள். தெரியாதுதான், யாருக்குத் தெரியும். சும்மா விட்டுவிடலாம். விட்டால், காலையில் இரண்டு சாக்ஸ் புடைத்துக்கொண்டும் நடுவில் ஒன்று துவண்டும் தொங்கும், கிறிஸ்மஸ் அன்றைக்கு விடிந்ததும் அந்தப் பிள்ளை அதைப் பார்க்கும், இவங்களுக்கு எங்க அம்மாவுக்கு ஒரு மிட்டாய் போடக்கூட மனசில்ல என்று நினைக்கும், நினைத்ததைச் சொல்லாது, சொல்லாமல் வைத்துக்கொள்ளும், அந்த வயசில் வைத்துக்கொண்டது லேசில் போகாது. போடலாம். போட்டால், நீ யார் எங்க அம்மாவுக்குப் போட? என்ன போடுவாய், செத்தவளுக்கு என்ன கொறிக்கப் பிடிக்கும், செத்தவளுக்கு எது தேவை, செத்தவளை எதைக் காட்டிச் சிரிக்க வைப்பாய்? பூ வைக்கலாம் என்றால் அது கல்லறைக்கு வைப்பது மாதிரி ஆகிவிடும். கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், கீழே விழுந்து கிடந்தது, எடுத்து வைத்தேன் என்று சொல்லலாம். இந்த எண்ணம் வந்தபோது பியூலா எழுந்து அடுக்களைக்குப் போய் ஊறப்போட்ட திராட்சையைத் தேவையில்லாமல் ஒரு கிளறு கிளறினாள். பக்கத்து வீட்டில் முறுக்கு சுடுகிற எண்ணெய் வாசம், கோயில் ஒலிபெருக்கியில் யாரோ மைக் டெஸ்டிங் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அது ஜெயசிங் குரல் இல்லை. வெளியே தூறல் போட்டு நின்று மறுபடி போட்டது. கழற்ற வேண்டும் என்று தோன்றுவது பிள்ளைக்காகவா நமக்காகவா? நமக்காகத்தான். கம்பியில் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு குடும்பம், அதில் இடம் இல்லை, அந்த மூன்றையும் நிரப்பிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, நாம் வந்திருக்கிறோம். இதை இவ்வளவு பச்சையாக நினைத்துவிட்டதில் அவளுக்கு வெட்கம் வரவில்லை. ஒரு ரிப்போர்ட்டில் எண்ணைப் படிக்கிற மாதிரிதான் இருந்தது, இது கூடுதல், இது குறைவு, அவ்வளவுதான். கரண்டியை வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள், கிளிப்பை அழுத்தினாள், நீல சாக்ஸ் கையில் வந்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது. சொரசொரப்பு, நாப்தலின், அதற்கு அடியில் என்னவோ மக்கிய வாசம். அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல், பரண் பக்கம் ஓர் அடி வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, நடு ஹாலில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற உணர்வு வந்தது. வழக்கமாக வருவதுதான் என்று நினைத்தாள். இந்தத் தடவை நிஜமாகவே கெசியா நின்றுகொண்டிருந்தாள், தலை நனைந்து, புத்தகப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு.

"அத எதுக்கு எடுத்தீங்க?"

பிராக்டிஸ் அதற்குள் முடிந்துவிட்டதா, அப்பா எங்கே, குடை கொண்டு போகலையா, எல்லாம் கேட்டிருக்கலாம். கீழே விழுந்து கிடந்தது என்ற வாக்கியம் தயாராக இருந்தது, வாய்க்குள் வந்துகூட நின்றது. அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை நம்பும், நம்பிவிட்டு அறைக்குள் போய்விடும்.

"கழட்டி வச்சிரலாமான்னு எடுத்தேன்," என்றாள். "இதுல போடணுமா போடக் கூடாதான்னு எனக்குத் தெரியல கெசியா. காலையில இருந்து யோசிச்சுப் பாத்துட்டேன். போட்டா நீ வருத்தப்படுவியோ, போடலைன்னா வருத்தப்படுவியோன்னு. நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி."

கெசியா சாக்ஸைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சோபாவில் உட்கார்ந்து பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மடியில் கொட்டினாள். ஓர் அட்டை ஊக்கு, ஒரு தைல டப்பி, புளிப்பு மிட்டாய் கொஞ்சம், மஞ்சள் பூப்போட்ட கைக்குட்டை.

"நீங்க போட வேண்டாம். நான் வாங்கியிருக்கேன்," என்றாள். "அப்பா வாரதுக்குள்ள போடணும்னுதான் முன்னாடி வந்தேன். நடந்தே வந்தேன்."

"சரி," என்று பியூலா சாக்ஸை நீட்டினாள். கெசியா வாங்கினாள், ஆனால் எதையும் உள்ளே போடவில்லை. குதிகாலில் தைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்கு யாரும் போட்டதே இல்ல," என்றாள். "எனக்கும் அப்பாவுக்கும் அம்மாதான் போடுவாங்க. ஆனா காலையில பாத்தா அவங்களோடதும் குண்டாத்தான் இருக்கும். அம்மாவுக்கு அப்பா போடுதாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மா அத அப்புறமா தொறக்கேன்னு சொல்லிருவாங்க. போன வருசம் நான் பெட்டிய எறக்கினேன், அப்பாவுக்குத் தெரியாது. இதுக்குள்ள கைய விட்டா பேப்பர். பழைய பேப்பர கசக்கிக் கசக்கி அடச்சு வச்சிருந்தாங்க. எடுக்கக்கூட மறந்துட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அப்பாவ கேட்டா, உங்கம்மா எனக்கு ஒண்ணும் வேண்டாம்னுதான் எப்பவும் சொல்லுவான்னு சொல்லுதாங்க."

பியூலாவுக்கு அந்தக் கை மறுபடி வந்தது, ஆனால் இப்போது படுக்கையில் இல்லை, இந்த வீட்டு மேசையில், தினத்தாளைக் கிழித்து, சத்தம் வராமல் கசக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, வெளியிலிருந்து பார்த்தால் ஆரஞ்சு மாதிரித் தெரிகிறதா என்று அழுத்திப் பார்க்கிற கை. இவ்வளவு நாளும் இந்த வீட்டில் எல்லாவற்றையும் நிறைத்து வைத்துவிட்டுப் போனவள் என்று நினைத்திருந்தாள். அவளிடம் பேர் சொல்லாமல் வந்துவிட்டோமே என்பது மட்டும் இன்றைக்குத்தான் முதல் தடவையாக உறுத்தியது. பிள்ளையின் பக்கத்தில், தொடாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"ஊக்கு எதுக்கு?" என்று கேட்டாள்.

"எப்பவும் தேடுவாங்க. கோயிலுக்குக் கெளம்பும்போது ஊக்கு எங்க ஊக்கு எங்கன்னு வீட்டயே பெரட்டுவாங்க."

"மிட்டாய்?"

"பஸ்ல வாந்தி வரும். கோத்தகிரி போகும்போது." கெசியா கொஞ்சம் சிரித்தாள். "மேட்டுப்பாளையம் தாண்டினதும் கண்ண மூடிக்கிட்டு இருப்பாங்க, நான் வெளிய என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வருவேன்."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போட்டாள், தைலம் தலைவலிக்கு, கைக்குட்டை மஞ்சள் ஏனென்றால் அம்மாவுக்கு மஞ்சள் சேலையே கிடையாது, அப்பா வாங்கித் தந்ததில்லை. பியூலா கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்ஸ் பாதிகூட நிறையவில்லை. அடுக்களையில் ஆரஞ்சு மிச்சம் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்க, கெசியா யோசித்து, ரெண்டு எடுங்க என்றாள். எடுத்து வந்தபோது பிள்ளை கண்ணைத் துடைத்து முடித்திருந்தாள். ஜன்னலில் மாட்டியாயிற்று, நேராகத் தொங்கியது. இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"உங்களுக்கு?" என்றாள் கெசியா.

"எனக்குத்தான் சாக்ஸே இல்லையே."

"அப்ப உங்களுக்கு யாரும் போட மாட்டாங்களா?"

அதற்குப் பியூலா பதில் சொல்வதற்குள் கேட் திறக்கிற சத்தமும் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுகிற சத்தமும் கேட்டன. ஜெயசிங் நனைந்த சட்டையோடு, தோளில் வயர் சுருளோடு, வாசற்படியில் நின்று ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றப் போனார்.

"அப்பா, செருப்பக் கழட்டாதீங்க."

"ஏன்ட்டி?"

"கடைக்குப் போணும். இவங்களுக்கு ஒரு சாக்ஸ் வாங்கணும். உள்ள போடுததுக்கும் நீங்கதான் வாங்கணும்."

"என்ன வாங்கணும்?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும். நான் சொல்ல மாட்டேன். இவங்ககிட்டயும் கேக்கக் கூடாது."

ஜெயசிங் மகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நடுவில் புடைத்துக்கொண்டு தொங்கிய நீலத்தில் கண் நின்றது. பிறகு உதவிக்குப் பியூலாவின் பக்கம் திரும்பினார். எனக்கு எதுக்குங்க, இந்த மழையில, உள்ள வாங்க, டீ போடுதேன் என்று எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. முப்பத்தெட்டு வருஷமாகப் பழகிய சொற்கள், தாமாகவே வருகிறவை. பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். கெசியாவும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சைஸாவது சொல்லுங்க," என்றார் ஜெயசிங்.

கெசியா மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் வேறு வழியில்லாமல் குனிந்து, கல்யாணமாகி முதல் தடவையாக, அவள் கால்களைப் பார்த்தார். பார்த்து, தன் உள்ளங்கையை விரித்து அளவு வைத்துக்கொண்டார். பியூலாவுக்குக் கூச்சமாக இருந்தது. சேலைக் கரைக்குள் விரல்களை இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இழுத்துக்கொள்ளாமல், அவர் அளந்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.